பேர் கேட்காமல் ஊற்றிய கஞ்சி

வயலட் என்று மட்டும் சொன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பலருக்கு ஆள் பிடிபடாது. கஞ்சி வயலட் என்று சொன்னால்தான், "அடடே, அவியளா" என்பார்கள். பட்டப்பெயர் வைத்தவன் எவனோ கேலிக்குத்தான் வைத்தான். அவள் முகம் சுளிக்கவில்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு வெளியே சொல்ல முடியாத பட்டப்பெயர் இருக்கும்போது, நமக்குக் கஞ்சியோடு போயிற்றே என்று சிரித்துக்கொள்வாள்.

ஐம்பதைத் தாண்டியவள். ராஜபாளையத்துக்கு அந்தப் பக்கம் பேண்டேஜ் துணி மடித்துக் கட்டுகிற கம்பெனி ஒன்றில் வேலை. காலையில் பஸ் பிடித்துப் போய், நாள் முழுக்கக் கால் மடக்கி உட்கார்ந்து, வெள்ளை வலைத்துணியை மடித்து அடுக்கிவிட்டு, பொழுது சாய வீடு திரும்புவாள். புருஷன் பொன்னுராஜ் ஒரு மில்லுக்கு வேன் ஓட்டுகிறவர். ஒரே மகளைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்தாயிற்று. குடும்பம் இவ்வளவுதான், ஆனால் அவள் வீட்டு அடுப்பு இவ்வளவோடு நிற்காது. எதிர்வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் என்றால் இவள் வீட்டில் ரசம் கொதிக்கும். பக்கத்துத் தெருவில் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக்குழம்பு போகும். பஸ்ஸில் இடம் கிடைத்தால் அடுத்த நிறுத்தத்துக்குள் யாருக்காவது எழுந்து கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டே வருவாள். நம்ம வீட்டு ரசத்துக்கு நானே வரிசையில் நிற்க வேண்டும்போல என்று பொன்னுராஜ் அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே தூக்குவாளியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டும் வருவார்.

இதை ஊழியம் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கூச்சமாகிவிடும். ஊழியம் என்றால் மேடையும் மைக்கும் கூட்டமும் உள்ளது, நான் ரசம்தானே வைத்தேன் என்பாள்.

அவளுடைய சபைப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். பிடியரிசி என்று பேர். வாரம் முழுக்கச் சேர்ந்ததை வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அன்றைக்கு உபவாச ஜெபம். கோயிலுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் அந்த அரிசியோடு பாசிப்பயறும் பூண்டும் போட்டுக் கஞ்சி காய்ச்சி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அங்கே கிடப்பவர்களுக்கும், கூட இருந்து பார்ப்பவர்களுக்கும் ஊற்றுவார்கள். ஊற்றுகிறவர்கள் மட்டும் சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று என்னைக் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன். அங்கே வேலை பார்ப்பவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

இந்தக் கஞ்சிக்கு ஒரு சட்டமும் உண்டு. முன்னே ஒரு சமயம், உற்சாகம் தாங்காத ஒரு சகோதரி கஞ்சியோடு பைபிள் வசனம் அச்சிட்ட கைப்பிரதியும் கொடுத்து, கட்டிலில் கிடந்தவர் தலையில் கை வைத்து ஜெபமும் பண்ணிவிட்டாள். சோற்றைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்று அவர் வீட்டு ஆட்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. படுத்துக் கிடப்பவனுக்கு எழுந்து போகவா முடியும்? அதற்குப் பிறகு பெண்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். இனி ஊர் கேட்கக் கூடாது, பேர் கேட்கக் கூடாது, என்ன சீக்கு என்று கேட்கக் கூடாது. ஜெபிக்கட்டுமா என்றும் கேட்கக் கூடாது. சாப்பிடக் கூடாதவர்களின் கட்டிலில் நர்ஸ் அட்டை மாட்டியிருப்பார், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி நீட்டின பாத்திரத்தில் ஊற்றிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட வேண்டும். இந்தச் சட்டத்தை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டவள் வயலட்தான். பேர் கேட்காமல் கொடுக்கிறோம் என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. இருந்தால் என்ன, ஒரு மனுஷிக்கு அவ்வளவுகூட இருக்கக் கூடாதா?

அந்தப் பெருமையில்தான் இடி விழுந்தது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்து வெள்ளிக்கிழமை ஒன்று. வழக்கமாக அங்கே ஆபரேஷன் செய்வது செவ்வாயும் வியாழனும். வெள்ளிக்கிழமை கத்தி எடுப்பதில்லை. அந்த வாரம் இடையில் அரசு விடுமுறை ஒன்று வந்து, வியாழக்கிழமை ஆபரேஷன் எல்லாம் வெள்ளிக்குத் தள்ளிப்போயிருந்தது. இது கஞ்சிக்காரப் பெண்களுக்குத் தெரியாது. தூக்குவாளியும் கரண்டியுமாக வயலட் வந்தபோது, பெண்கள் வார்டுக்கு வெளியே, குழாயடிப் பக்கத்து பெஞ்சில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். முகம் வெளுத்து, உதடு காய்ந்துபோயிருந்தது. உள்ளே கட்டிலில் படுத்திருந்தால் அட்டை தெரிந்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால், நோயாளிக்குத் துணையாக வந்து கிடக்கிற சொந்தக்காரி என்று வயலட் நினைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் நோயாளியைவிடப் பட்டினி கிடப்பது துணைக்கு வந்தவர்கள்தானே.

"ஒரு வாய் குடிக்கியாம்மா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் வார்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் தம்ளரை நீட்டினாள். வயலட் ஊற்றினாள். மளமளவென்று குடித்துவிட்டு மறுபடி நீட்டினாள். மறுபடியும் ஊற்றினாள். நல்லா குடி தாயி என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

கஞ்சி குடித்தவள் பேர் பாண்டீஸ்வரி. சுந்தரபாண்டியத்துக்காரி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நின்றுகொண்டே பார்க்கிற வேலை. கர்ப்பப்பையில் கட்டி வளர்ந்து, மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. மாற்றுத்துணி பையோடுதான் ஷிப்டுக்குப் போவாள். கண்ணை இருட்டிக்கொண்டு வரும்போது மிஷினில் சாய்ந்துவிடாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றே பல மாதம் ஓட்டியிருக்கிறாள். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியும், நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. புருஷன் லிங்கேஸ்வரன் வடநாட்டு லைனில் லாரி ஓட்டுகிறவன். அவன் ஊரில் இருக்கிற வாரமாகப் பார்த்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நாத்தனாரைச் சம்மதிக்கவைத்து, மில்லில் லீவு கேட்டு, எல்லாம் கூடி வந்த நாள் அது. முந்தின ராத்திரியிலிருந்து அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை. காலையில் யாரோ ஒரு ஆயா, டாக்டர் மீட்டிங் போய்விட்டார், இன்னைக்கும் நடக்காது என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாள். போச்சு, எல்லாம் போச்சு என்று வெளியே வந்து உட்கார்ந்தவள் முன்னால்தான் கஞ்சி வந்தது.

இதையெல்லாம் வயலட் தெரிந்துகொண்டது பிறகுதான். அவள் வாளியைக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தபோது, நர்ஸ் சிவரஞ்சனி வெளியே வந்து பாண்டீஸ்வரி பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். டாக்டர் வந்துவிட்டார், அடுத்தது உங்கள் முறைதான், பச்சைத்துணி மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றாள். பெஞ்சில் இருந்தவள் எழுந்து நின்றாள். எதுவும் சாப்பிடவில்லையே, தண்ணீர்கூடக் குடிக்கவில்லையே என்று நர்ஸ் கேட்டாள்.

"இல்ல சிஸ்டர்" என்றாள் பாண்டீஸ்வரி.

வயலட் கழுவுவதை நிறுத்தினாள். கஞ்சி ஊற்ற ஆரம்பித்த காலத்தில் இதே நர்ஸ்தான் அந்த அட்டை எதற்கு என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். சாப்பிட்ட வயிற்றோடு மயக்க மருந்து கொடுத்தால், உள்ளே இருப்பது மேலே ஏறி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், ஆள் போய்விடுவார் என்று. வயலட் வாயைத் திறப்பதற்குள் பாண்டீஸ்வரி குழாயடிக்கு வந்து, முகம் கழுவுகிற சாக்கில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் அவ்வளவு பலம்.

"அக்கா, சொல்லிராதிய. இன்னைக்கு விட்டா எனக்கு வேற நாள் கிடையாது. அவரு திங்கக்கெழம லோடு ஏத்தணும். ஒங்க கால்ல வேணாலும் விழுறேன்."

கஞ்சிதானே, தண்ணி மாதிரிதானே, ஒன்றும் ஆகாது என்றும் சொன்னாள். பிறகு ஓடிப்போய்த் துணி மாற்றிக்கொண்டாள்.

வயலட் குழாயடியில் நின்றாள். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன், விடை தெரியவில்லை. சொன்னால் அவள் முறை போய்விடும். இன்னும் எத்தனை மாதம் அந்தத் துணிப்பையோடு மில்லுக்குப் போவாளோ. கஞ்சி ஊற்றுவதும் அன்றோடு நின்றுபோகும். சொல்லாவிட்டால், ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம். ஆண்டவரே, ஏதாவது செய்யுங்கள், கரண்டு போகட்டும், டாக்டருக்குப் போன் வரட்டும் என்று வேண்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. தள்ளுவண்டிச் சக்கரம் வார்டு வாசல்படியைத் தாண்டுகிற சத்தம்தான் கேட்டது. வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். தியேட்டர் வாசலில் வண்டியை மறித்து நர்ஸிடம் சொன்னாள்.

"சிஸ்டர், அவ கஞ்சி குடிச்சிருக்கா. நாந்தான் ஊத்துனேன். ரெண்டு தம்ளர்."

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. வண்டி திரும்பியது. நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா மட்டும் வெளியே வந்து, நீங்கள் சொன்னதால் ஒரு உயிர் தப்பியது என்று அமைதியாகச் சொன்னார். அதே மூச்சில், இனி இந்த வளாகத்துக்குள் கஞ்சி வரக் கூடாது என்றும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. லிங்கேஸ்வரன் நடைபாதையில் நின்று கத்தினான். சோறு போட்டு ஆள் பிடிக்கிற கூட்டம், இப்போது ஆபரேஷனையும் கெடுத்துவிட்டது என்றான். ஆள் பிடிக்கவில்லை என்பது உண்மை, கெடுத்ததும் உண்மை. ஒன்றை மறுத்து ஒன்றை ஒத்துக்கொள்ள அந்தக் கூச்சலில் எப்படி முடியும்? எவனோ ஒருவன் செல்போனைத் தூக்கிப் படம்கூடப் பிடித்தான். வயலட் தலை குனிந்து நின்றாள்.

பாண்டீஸ்வரி கத்தவில்லை. வண்டியிலிருந்து தானே இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வயலட்டிடம் வந்தாள்.

"உண்மையச் சொல்லி ஒங்க சாமிகிட்ட நல்ல பேரு வாங்கிட்டிய. ரத்தம் சிந்தப் போறது நாந்தானே."

அந்த வார்த்தை வயலட்டை விடவே இல்லை. வீட்டுக்கு வந்தும் விடவில்லை, கோயிலுக்குப் போயும் விடவில்லை. கேட்கக் கேட்க அது சரியாகவும் பட்டது. உண்மை சொன்னதற்கு அவள் என்ன கொடுத்தாள்? கொஞ்சம் அவமானம். ஒரு வாரத்தில் ஆறிப்போகும். பாண்டீஸ்வரி கொடுப்பது அப்படியா ஆறும்?

பெண்கள் சங்கத்தில் பஞ்சாயத்து நடந்தது. தலைவி ஹெப்சிபா அம்மாள் எல்லாரையும் உட்காரவைத்து, இத்தனை வருஷத்து ஊழியம் ஒரே நாளில் நின்றுபோயிற்றே என்று வருத்தப்பட்டார். ஒருத்தி, ஏன் ஊற்றினாய் என்றாள். இன்னொருத்தி, ஊற்றினதுதான் ஊற்றினாய், ஏன் சொன்னாய், கர்த்தர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்றாள். வயலட்டுக்கு வந்ததே கோபம். கர்த்தர் பார்த்துக்கொள்ளத்தான் என்னை அங்கே நிறுத்தினார், நான் ஓடினது வேறு எதற்கு என்று கேட்டுவிட்டாள். போதகர் நல்ல மனுஷர். எல்லாம் நன்மைக்கே முடியும் என்று சொல்லி முடித்து ஜெபித்தார். யாருடைய நன்மைக்கு ஐயா என்று கேட்க வாய் வந்தது. மரியாதைக்காக மென்று விழுங்கிவிட்டாள்.

வீட்டில் பிடியரிசிப் பானை நிறைந்து வழிந்தது. எடுத்துப்போட்ட கை நிற்கவில்லை, கொண்டுபோக இடமில்லை. பொன்னுராஜ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள், சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு, அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்த்துவிட்டு வா, இல்லாவிட்டால் உனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்றார்.

போனாள். சுந்தரபாண்டியத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்தாள். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. எதைக் கொண்டுபோனாலும் குத்திக்காட்டுவது போல இருக்கும் என்று பயம். பாண்டீஸ்வரியின் நாத்தனார் கனகலட்சுமிதான் வாசலுக்கு வந்தாள். அவ மில்லுக்குப் போயிருக்கா, வந்தாலும் ஒங்களப் பாக்க மாட்டா என்றாள். கதவைச் சாத்தும்போதுகூட மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் வயலட்டுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மில்லுக்குப் போயிருக்கிறாள். அப்படியென்றால் அதே தூண், அதே துணிப்பை. திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் நின்ற கிழவர் பையோடு தடுமாறினார். வயலட் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கின பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. நல்லது செய்கிற புத்தியே தன்னிடமிருந்து கழன்றுவிட்டதோ என்று பயந்துபோனாள்.

சித்திரை போய் வைகாசியும் வந்தது. ஒரு நாள் கம்பெனியில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. நர்ஸ் சிவரஞ்சனி. பாண்டீஸ்வரி மில்லிலேயே மயங்கி விழுந்துவிட்டாள், மில் வண்டியிலேயே கொண்டுவந்து போட்டார்கள் என்றாள். உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைந்துபோய், இரண்டு பாட்டில் ஏற்றியிருக்கிறார்கள். நாளைக்குக் காலையில் ஆபரேஷன் முடிவாகியிருக்கிறது. புருஷன் நாக்பூர் பக்கம் லோடோடு நிற்கிறான், வந்து சேர நாள் ஆகும். நாத்தனார் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், அவளால் பொழுது சாய்ந்துதான் வர முடியும். துணைக்கு ஆள் இல்லாமல் ஆபரேஷனுக்கு எடுக்க மாட்டார்கள்.

"ஒங்க மேல எனக்கு இன்னும் கோவம் போகல. ஆனா கூப்பிட வேற யாரு இருக்கா, சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

வயலட் மறுநாள் விடிந்ததும் போய்விட்டாள். அவளைப் பார்த்ததும் பாண்டீஸ்வரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போ என்று சொல்லவில்லை. சொன்னால் ஆபரேஷன் நடக்காது என்று அவளுக்கும் தெரியும். அந்தக் கட்டாயம் வயலட்டுக்கு முள்ளாகக் குத்தியது. விரோதியின் தயவில் படுத்துக் கிடப்பது எவ்வளவு கொடுமை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, கண்ணில் படாதபடி கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் ஆபரேஷன் இவளுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் வத்திராயிருப்பிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியை அவசரமாகக் கொண்டுவந்தார்கள். அவளை உள்ளே எடுத்தார்கள். வெயில் ஏறியது. வார்டில் எல்லார் வீட்டிலிருந்தும் சாப்பாடு வந்து, தூக்குச்சட்டி திறக்கிற சத்தமும் சாம்பார் வாசனையுமாக இருந்தது. பாண்டீஸ்வரி உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் திரும்பினாள்.

"தண்ணி குடுங்க."

கூடாதும்மா, இன்னும் செத்த நேரம்தான் என்றாள் வயலட். ஒரு மடக்கு என்றாள் பாண்டீஸ்வரி. வயலட் தலையை ஆட்டினாள். நாக்கு ஒட்டுது, தலை சுத்துது, ஒரே ஒரு மடக்கு என்று கெஞ்சினாள். வயலட் அவள் கையைப் பிடித்தாள். அவள் உதறினாள்.

"அன்னைக்குக் கேக்காம ஊத்துனிய. இன்னைக்குக் கேக்கேன், ஊத்த மாட்டேங்கிய. நீங்கள்லாம் ஒரு மனுசியா."

வயலட் எழுந்து போனாள். நர்ஸிடம் கேட்டு, ஈரத்துணி வாங்கிவந்து அவள் உதட்டை மட்டும் நனைத்துவிட்டாள். பாண்டீஸ்வரி அந்தத் துணியைப் பல்லால் கடித்து உறிஞ்சப் பார்த்தாள். வயலட் அதை அவள் வாயிலிருந்து இழுத்தாள். பசித்தவர் வாயில் கொடுத்தே பழகின கை, வாயிலிருந்து பிடுங்கியது. அவள் வாழ்நாளில் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான் என்று பிறகு பொன்னுராஜிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். எதுவும் சாப்பிடவில்லையே என்று நர்ஸ் வழக்கம்போலக் கேட்டாள். பாண்டீஸ்வரி விரலை நீட்டி வயலட்டைக் காட்டினாள். ஒன்றும் கொடுக்கவில்லை சிஸ்டர் என்றாள் வயலட். வண்டி உள்ளே போனது.

வெளியே பெஞ்சில் அவள் ஜெபிக்க உட்கார்ந்தாள். ஜெபம் வரவில்லை, சண்டைதான் வந்தது. ஆண்டவரே, இவள் சாகக் கூடாது, உடம்பில் ரத்தமே இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம், அந்த வெள்ளிக்கிழமை நான் வராமல் இருந்திருந்தால் என்றைக்கோ குணமாகி எழுந்து நடந்திருப்பாள், இவளுக்கு ஒன்று ஆனால் நான் உங்கள் முகத்தில் விழிக்கவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சண்டை போட்டுக் களைத்துப்போய், பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். போகவில்லை. உள்ளே ஒருத்தி ஒட்டிய வயிற்றோடு கிடக்கும்போது தன் தொண்டையில் எதுவும் இறங்காது என்று அவளுக்குத் தெரியும்.

வெயில் தாழ்ந்தபோது டாக்டரம்மா வெளியே வந்தார். கட்டி பெரிதாக இருந்தது, ரத்தம் இன்னும் ஒரு பாட்டில் ஏற்ற வேண்டியதாகிவிட்டது, இரண்டு மாதத்துக்கு முன்னால் செய்திருந்தால் இவ்வளவு சிரமம் இருந்திருக்காது என்றார். அவர் யாரையும் குத்திச் சொல்லவில்லை. வயலட்டுக்குக் குத்தியது. பிழைத்துவிடுவாளா என்று மட்டும் கேட்டாள். பிழைத்துவிட்டாள், இனி பயமில்லை என்றார்.

பாண்டீஸ்வரியைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். அரைமயக்கத்தில் முனகிக்கொண்டு கிடந்தாள். வயலட் அவள் காலைப் பிடித்துவிட்டாள், சேலை விலகினால் இழுத்துவிட்டாள், ஏறுகிற பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கனகலட்சுமி இன்னும் வந்துசேரவில்லை. பாண்டீஸ்வரி கண்ணைத் திறந்தபோது எதிரே வயலட்தான் நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்து ஒதுங்கப் பார்த்தாள். பாண்டீஸ்வரி திருப்பவில்லை, சும்மா பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

அந்த நேரம் சிவரஞ்சனி வந்து ஊசி போட்டாள். போட்டுக்கொண்டே வயலட்டிடம், காலையிலிருந்து பார்க்கிறேன், நீங்கள் எழுந்து போகவே இல்லை, ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

"ஆச்சு சிஸ்டர், சாப்ட்டேன்" என்றாள் வயலட்.

கட்டிலிலிருந்து மெல்லிசாகக் குரல் வந்தது.

"பொய் சொல்லாதியக்கா. அது ஒங்களுக்கு வராது."

பாண்டீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். மூடின கண்ணோடு, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

"போயி ரெண்டு இட்லி தின்னுட்டு வாங்க. பட்டினி கெடக்க நான் ஒருத்தி போதும்."

நர்ஸும் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். வயலட் படியிறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிரே இருந்த கடையில் போய் உட்கார்ந்தாள். எத்தனையோ பேருக்கு எத்தனையோ வருஷமாக ஊற்றியிருக்கிறாள், நீ சாப்பிட்டாயா என்று திருப்பிக் கேட்டவர்கள் குறைவு. இட்லி வந்தது. கை வைத்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை, தோள் குலுங்கியது. கடைக்காரர் பதறிப்போய், உள்ளே யாருக்கு என்னம்மா ஆச்சு என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை, பிழைத்துக்கொண்டாள் என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே சாப்பிட்டாள்.